பத்தடி பின்னால்

"செய்வதையும் செய்துவிட்டு, உள்ளே மெஷின் மேல் நடந்துகொண்டிருக்கிறான் பார்," என்றது சாம்பல் பூனை. சோறு இந்த வீட்டில்தான். ஆனால் யார் கைக்கும் பிடிபடாமல் மதில்மேல் வாழ்கிற பூனை அது.

கீழே படுத்திருந்த பட்டாணி என்கிற நாய் பெருமூச்சு விட்டது. வீட்டுக்காரர் டிரெட்மில் வாங்கி எட்டு நாள் ஆகிறது. அன்றோடு அவரும் பட்டாணியும் தெருவில் போகிற காலை நடை நின்றுபோனது.

"உனக்கென்ன நஷ்டம்? நீ தனியாகவே போகலாமே," என்றது பட்டாணி.

"நான் என்றைக்குடா உன்னோடு வந்தேன்? என் வேலையாகப் போனேன்."

"தினமும் பத்தடி பின்னால் உன் வாசனை வந்ததே."

"அப்புறம் ஏன் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை?"

"பார்த்தால் நீ நின்றுவிடுவாய்."

 பூனை மதிலிலிருந்து குதித்து, இதுவரை மிதிக்காத வாசற்படியில் ஏறி, கதவைப் பிறாண்டியது.

"ஐயா, வெளியே வாரும். ஒரு பேச்சுத்தான். என் முதுகை ஒரு தடவை தடவிக்கொள்ளும், கடிக்க மாட்டேன். இரண்டாம் தடவை கேட்கக்கூடாது. அதற்குப் பதிலாக அந்தச் செருப்பை மாட்டும், சங்கிலியை எடும், இவனைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போம். எனக்கும் அந்தப் பக்கம் வேலை கிடக்கிறது."