கிணற்றடிக் கல்

வாசல் இயந்திரம் என்னைப் பார்த்துக் கத்தியது.

பின்னால் போய்த் திரும்ப வரச் சொன்னார் காவல்காரர். சப்பாத்தைக் கழற்றினேன். பெல்ட்டைக் கழற்றினேன். அமெரிக்கத் தூதரகத்துக்குள் காற்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்த முதல் கிளிநொச்சிக்காரன் நானாகத்தான் இருக்கும்.

திரும்பவும் கத்தியது.

பொக்கற்றுக்குள் கைவிட்டேன்.

வீட்டுச் சாவி.

என் மனைவி எனக்குப் பின்னால் நின்றாள். நான் திரும்பவில்லை. திரும்பாமலே பிடரி சுட்டது.

நேற்று பஸ்ஸுக்கு அந்தரப்பட்டு ஓடிவரும்போது கேட்டவள்.

"சாவியை வைச்சனீங்களோ?"

"ஓம்" என்றேன். யோசிக்காமல் என் வாயில் வருவது அது ஒன்றுதான். பொம்பிளை பார்க்கப் போனபோதும் அதைத்தான் சொன்னேன்.

சாவியைத் தட்டில் போட்டேன். இயந்திரம் மூன்றாம் தரமும் கத்தியது. இந்த முறை காலுக்குள் இருக்கிற செல் பீஸ், சண்டையில் பாய்ந்த குண்டுத் துண்டு. இதைக் கழற்ற முடியாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். காவல்காரர் தழும்பைப் பார்த்தார். சிரிக்கவில்லை. போ என்று கையைக் காட்டினார்.

உள்ளே நாற்காலிகள். குளிர். எல்லார் மடியிலும் ஃபைல். பெருமூச்சுக்கூட மெதுவாக விட்டார்கள்.

கோயில் லொத்தரில் ஒரு பிளாஸ்ரிக் வாளிகூட விழாத எனக்கு, விசா லொத்தரில் அமெரிக்கா விழுந்திருந்தது. பகிடிக்கு விண்ணப்பம் போட்டது. பிள்ளைகளின் பெயர் என்று கேட்ட இடத்தில் கஜீபன் என்று எழுதினேன். எழுதாமல் விடக் கை வரவில்லை.

சாவிக்காக அவள் ஏசுவாள் என்று இருந்தேன். ஏசினால் நல்லது.

ஏசவில்லை.

"பக்கத்து வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லுவம்" என்றேன்.

போன் நாங்கள் தங்கிய லொட்ஜில் இருந்தது. சாவி வாசலில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பாவம், என்ன செய்வாள்?

எங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல் ஒன்று. அதற்குக் கீழே ஒரு பொந்து. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கஜீபன் அதற்குள் கைவிட்டுத்தான் சாவி எடுப்பான்.

கடைசிச் சண்டையில் எனக்குக் கால் போகப் பார்த்தது. காயக்காரரை ஏற்றிய கப்பலில் என்னையும் ஏற்றினார்கள். அவளும் அவனும் கரையில் நின்றார்கள்.

பிறகு முகாமில் கண்டபோது அவள் தனியே இருந்தாள்.

சனத்துக்குள் விடுபட்டுப் போனான் என்றாள்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது வீடு இல்லை. கல் மட்டும் அசையாமல் கிடந்தது. புது வீடு கட்டித் தந்தார்கள். புதுக் கதவு, புதுப் பூட்டு. முதல் நாள் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது நான் போய்ச் சாவியைக் கல்லுக்குக் கீழே வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெத்தவள். அவன் வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு ஆறுதலாக இருக்கட்டுமே.

அதற்குப் பிறகு, கடைக்குப் போனாலும் கேட்பாள். வைச்சனீங்களோ?

என் நம்பர் இன்னும் வரவில்லை.

இந்த நேரம் அவன் படலையைத் திறக்கிறான். வளர்ந்திருக்கிறான். படலை மேல்கம்பி தலையில் முட்டாமல் குனிகிறான். புது வீட்டைப் பார்த்து ஒருகணம் தயங்குகிறான். பிறகு கல்லைக் காண்கிறான். குந்தியிருந்து, பொந்துக்குள் கையை விடுகிறான்.

மண்தான் அகப்படுகிறது.

இன்னும் உள்ளே விடுகிறான்.

"நம்பர் வந்திட்டுது" என்றாள் அவள். என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள்.

கண்ணாடிக்கு அங்கால் விசா அதிகாரி, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. பக்கத்தில் மொழிபெயர்க்கிற தமிழ் மனுசி. வலக்கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். இரண்டு பேரும் உயர்த்தினோம்.

"மகனின் பெயரும் இருக்கிறதே. அவர் வரவில்லையா?"

"அவனுக்கு எப்பவும் பிந்தித்தான் விடியும்" என்றேன்.

மொழிபெயர்க்கிற மனுசி அதை மொழிபெயர்க்கவில்லை.

"ஐயா, மகன் இப்போது எங்கே இருக்கிறார்? அதைச் சொன்னால்தான் மேலே போகலாம்."

தேடிக்கொண்டிருக்கிறோம். எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிவிட்ட வசனம். வாயைத் திறந்தேன். வரவில்லை. படலையடியில் குனிந்தவன் கண்ணுக்குள் நின்றான்.

அவளைப் பார்த்தேன்.

நான் கையை எப்போதோ இறக்கிவிட்டேன். அவள் இன்னும் இறக்கவில்லை.

"இஞ்சாரும், நீர் சொல்லும்" என்றேன். "அவன் எங்கை?"

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உங்களைக் கப்பலில ஏத்தின அண்டைக்குப் பின்னேரம். பங்கருக்குப் பக்கத்தில. நீங்கள் கட்டுற சாரம்தான் கிடந்தது, அதாலதான் சுத்தினனான். நான்தான் மண் போட்டு மூடினனான்."

மொழிபெயர்க்கிற மனுசி பேனையைக் கீழே வைத்தாள்.

"சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்" என்றாள் அவள். "அதுக்குள்ள நீங்கள் போய்க் கல்லுக்குக் கீழ சாவியை வைச்சிட்டியள்."