பிரிட்டோவின் முறை

அஸ்தினாபுரம் வீட்டில் சாயங்கால ஜெபமாலையில், ஒருவர் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வோம். பத்து மணிகளுக்கு ஒருவர் என்று முறை மாறும். அண்ணன் பிரிட்டோவின் முறையில் வார்த்தைகள் தலைதெறிக்க ஓடும். பக்கத்தில் அவன் நோக்கியா மினுக்கிக்கொண்டே இருக்கும்.

“மெதுவா சொல்லேன்டா, ட்ரெய்னா போய்டப்போவுது?” என்று அம்மா அதட்டுவாள்.

அவன் இறந்த பிறகு, அவன் முறை வந்தால் அப்பா, அம்மா, நான் மூவரும் பேசாமல் இருப்போம். ஆனால் மறுபாதியை ஒரே நொடியில் தொடங்குவோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இப்போதெல்லாம் அவன் மெதுவாகத்தான் சொல்கிறான்.

நேற்று அவன் முறையில் பத்தாவது மணியும் முடிந்தது. அம்மாவின் விரல் நகரவில்லை.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லுடா.”

காத்திருந்தோம். பிறகு மூவரும் ஒன்றாக மறுபாதியைச் சொன்னோம்.