கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

"இதோ பாருய்யா, இதுதான் காரணம்!" மானிட்டரின் மேல் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனக் குங்குமத்தை விரலால் குத்திக் காட்டினார் பத்மநாபன். ஹிஞ்சேவாடியில் இருக்கும் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர்.

துரைசாமி பிம்ப்ரியிலிருந்து கருவிப் பையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கி அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன் அவன். மெஷினுக்குப் பொட்டு வைக்கிறவங்களும் சரி, பொட்டால் மெஷின் செத்துப் போச்சு என்கிறவங்களும் சரி, ரெண்டு பேருமே தண்டம் என்பது அவன் கட்சி.

பொட்டு வைத்தவள் கதவோரம் நின்றிருந்தாள். வேதநாயகி, மராட்டி பேசும் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ரிசப்ஷன், கூரியர், டீ எல்லாம் அவள் பொறுப்பு. கணவன் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடி எட்டு மாசமாகிறது. இந்த வேலையில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"ஆயுத பூஜையாம்! கம்ப்யூட்டருக்குப் பொட்டாம்! பட்டிக்காட்டுக் கூட்டம்!" பத்மநாபனுக்கு மூச்சு வாங்கியது. "இந்த ஒண்ணுக்கு வெச்சதுமே சந்தனத் தட்டைப் பிடுங்கி என் கேபின்ல வெச்சுட்டேன். இல்லேன்னா ஆபீஸ் முழுக்கப் பூசியிருப்பா. அமெரிக்காவுக்கு இன்னிக்கு நாலு மணிக்கு அனுப்பவேண்டிய ப்ராஜெக்ட் பூரா இதுக்குள்ள இருக்கு."

"வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா சார்?"

"கேள்வியெல்லாம் கேக்காதே. ரிப்பேரைப் பாரு."

இல்லை என்று அர்த்தம். வாய் கிழியப் பேசுறாரே, ஒரு காப்பி எடுத்து வைக்கத் துப்பில்லையே என்று நினைத்துக்கொண்டே துரைசாமி மெஷினை ஆன் செய்தான். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

"சந்தனம் வெளியில இருக்கு சார், டிஸ்க் உள்ள இருக்கு. பூஜை லீவுல கரண்ட் போய்ப் போய் வந்திருக்கு. அதுல டிஸ்க் அடி வாங்கியிருக்கு."

"நீ என்ன அவளுக்கு வக்கீலா?"

டிஸ்க்கைச் சரிபண்ண மெஷினுக்குள்ளேயே ரெக்கவரி மோடு என்று ஒன்று உண்டு. துரைசாமி மூணு தடவை முயன்றான். மூணு தடவையும் அது பாதி வழியில் படுத்துக்கொண்டது.

"உள்ள இருக்கிறதும் போச்சு. மெஷினோட வந்த சிடி இருந்தாக் குடுங்க."

"அதுதான் மெஷினோட உயிரேன்னு வாங்கும்போதே கடைக்காரன் சொன்னான். உன்னை மாதிரி, இவளை மாதிரி ஆளுங்க கை படக்கூடாதுன்னுதான் பூட்டி வெச்சிருக்கேன்." இடுப்புச் சாவியைக் குலுக்கிக்கொண்டே கேபினுக்குப் போனவர், டிராயரைத் திறந்து சிடியை உறையோடு கொண்டுவந்து கொடுத்தார்.

சிடி சுற்றியது, கனைத்தது, நின்றது. மறுபடி போட்டான். மறுபடியும் அதே கனைப்பு. துரைசாமி அதை வெளியே எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

பளபளவென்ற அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு! வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

பத்மநாபனின் முகம் ஒரு நொடி வெளுத்துப் போனது. அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் வெளியே டைப் அடிக்கிற ஓசைகூட நின்றுவிட்டது.

"அடிப்பாவி! இதையும் விட்டு வைக்கலையா நீ?"

"ஐயோ, நான் இல்ல சார். நஹி சார், சாமி சத்தியமா..."

"வாயை மூடு!"

துரைசாமிக்கும் எரிச்சலாக வந்தது. "எழுத்து இருக்கிற பக்கம் வெச்சிருந்தாலாவது பரவால்ல. யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாதுன்னு அடியில வெச்சிருக்காங்க. மெஷின் படிக்கிற பக்கமே அதுதான்னு தெரியாத ஜென்மம்!"

"கேட்டியா? திருட்டு பக்தி! பேப்பர் எடு, ராஜினாமா எழுது. இன்னிக்கே நீ கிளம்பணும்."

வேதநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரை எடுத்தாள்.

துரைசாமி கைக்குட்டையை நனைத்துப் பொட்டை மெதுவாகத் துடைத்தான். சிடியை உள்ளே தள்ளியதும் இந்தத் தடவை நீலத் திரை பளிச்சென்று வந்தது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் வேலை தொடங்கியது. பத்து சதவீதம், நாற்பது, எழுபது... முக்கால் மணி நேரம் கழித்து மெஷின் உயிர் பெற்றது. ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது.

பத்மநாபன் நாற்காலியில் சாய்ந்தார். துரைசாமிக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. "எனக்கு இந்தச் சாமி, பூதம் எதுலயும் நம்பிக்கை கிடையாது. அதனாலதான் நான் மேனேஜரா இருக்கேன்" என்றவர் வேதநாயகி பக்கம் திரும்பினார். "என்ன, எழுதிட்டியா?"

அவள் எழுதவில்லை. வெற்றுப் பேப்பரை மேஜைமேல் வைத்தாள். துரைசாமியின் கைக்குட்டையில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தாள். பிறகு பத்மநாபனை நேராகப் பார்த்தாள்.

"தட்டு உங்க கேபின்ல, சாவி உங்க இடுப்புல. நான் எந்தக் கையால சார் வெச்சேன்?"