சொந்தக் குரலில்

"நிப்பாட்டுங்கோ!"

மடிகணினியடியில் நின்ற சிறுமி பொத்தானை அழுத்தினாள். திரையில் பனிக்குள் புதைந்திருந்த கார் அப்படியே நின்றது.

நடுவர் மேசையிலிருந்து அதிபர் இரவிச்சந்திரன் எழுந்தார். "தாட்சாயினி ரீச்சர், போட்டி விதி என்ன?"

"பிள்ளை தானே படமெடுத்து, தன்ர குரலிலயே தமிழில கதை சொல்லோணும், சேர்."

"இது ஆற்றை குரல்?"

"மகிழன்ர."

"மகிழன் சென்னைப் பிள்ளை. போன வருசம்தான் வந்தவன். 'விடிய எழும்பி அம்மாவும் நானும் பனி வழிச்சனாங்கள்' எண்டு அவன் கதைப்பானே? எங்கட ஆக்கள் ஆரோ குரல் குடுத்திருக்கினம்."

மண்டபம் முணுமுணுத்தது. ஈழத்தமிழர் நடத்தும் அந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இதுதான் முதல் டிஜிட்டல் கதைப் போட்டி; நடுவர்களுக்குப் பெயர் காட்டாமலே படங்கள் ஓடின. பேச்சுப் போட்டியே போதும் என்ற அதிபரிடம் மன்றாடி அனுமதி வாங்கியவர் தாட்சாயினி.

"முதல் ஓடின படத்தைப் பாருங்கோ," என்றார் அதிபர். "'நான் பஸ்ல ஏறி மலை உச்சிக்குப் போயிட்டேன்.' என்ன தெளிவு! ஒரு இடத்தில தடக்கினதோ? மற்றப் படங்களும் அப்பிடித்தான். இதொண்டுதான் களவு. நீக்குங்கோ."

முன்வரிசையில் மகிழனின் அம்மா ஜெயலட்சுமி எழுந்தாள். "சார், அவன்தான் சார் பேசினான். ஃப்ரிட்ஜ் சத்தம் கேக்குதுன்னு அதோட வயரையே பிடுங்கிட்டான். பால் முழுக்கத் திரிஞ்சு போச்சு."

"நீங்கள் இருங்கோ அம்மா. தம்பி, நீர் வாரும்."

மகிழன் மேடைக்கு வந்தான். ஒலிவாங்கி அவன் நெற்றிக்கு மேலே நின்றது. எட்டி அதை வளைத்தான்.

"கவனியுங்கோ பிள்ளையள்! சப்பாத்தைக் கழட்டி வாசலில விட்டிட்டு வாங்கோ. பனியை உள்ளுக்க கொண்டுவரப்படாது. பேந்து ஆர் துடைக்கிறது, உங்கட கொப்பரோ?"

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. வாராவாரம் வாசலில் நின்று அதிபர் சொல்வதுதான். அந்த இழுவைகூட அவருடையது.

அதிபருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உந்தப் பேச்சை எங்க பழகினீர்?"

"இங்கதான் சேர்."

"இங்க பிள்ளையள் பிரெஞ்சிலயெல்லோ கதைக்கினம்?"

"பிள்ளையளிட்ட இல்லை சேர். உங்களிட்ட." மகிழன் தயங்கினான். "கதை இங்க நடந்தது. இங்கத்தை ஆக்கள் கதைக்கிற மாதிரிச் சொன்னாத்தானே எல்லாருக்கும் பிடிக்கும்?"

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படத்தை முதலிலயிருந்து போடுங்கோ."

திரையில் தாயும் மகனும் மூச்சிரைக்கப் பனியை வழித்துத் தள்ளினார்கள். கதவு தெரிந்தது. கண்ணாடி தெரிந்தது. "பாத்தா, அது எங்கட கார் இல்லை!" என்றது மகிழனின் குரல்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்தவன் காருக்குப் பனி வழிக்காதவர்கள் அங்கே குறைவு.

சத்தம் அடங்க, பின்வரிசையிலிருந்து ஒரு தாய் கேட்டாள்: "அது சரி சேர், சென்னைப் பிள்ளை எங்கட தமிழ் கதைக்குது. 'போயிட்டேன், வந்துட்டேன்' எண்டு கதைக்கிற எங்கட பிள்ளையள் எப்ப சென்னைக்குப் போனவை?"

"ஒரு இடமும் போகேல்ல அக்கா," என்றார் பக்கத்திலிருந்தவர். "எழுதிக் குடுத்தா ஃபோனே வாசிச்சுக் குரல் குடுக்கும். அதுக்கு அந்தத் தமிழ்தான் தெரியும்."

பெரியவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். அதிபர் சிரிக்கவில்லை.

முதற்பரிசுப் பதக்கத்தை அவரே மகிழனின் கழுத்தில் போட்டார். படமெடுக்க எல்லோரும் மேடையை நோக்கி நெருக்கியடித்தார்கள்.

மடிகணினியடியில் நின்ற சிறுமி மட்டும் போகவில்லை. 'ஆக்கம்: கஜந்தினி இரவிச்சந்திரன்' என்று கோப்பில் தன் பெயர் போட்டிருந்த, அன்று முதலில் ஓடிய படத்தைத் திறந்தாள். அதிலிருந்து குரலை மட்டும் அழித்தாள். பிறகு மடிகணினியைத் தூக்கிக்கொண்டு, குளிர்கோட்டுகள் தொங்கிய மூலைக்குள் புகுந்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, தொண்டையைச் செருமினாள்.