சேற்றுக்குட்டை ஒப்பந்தம்

ஆப்பிரிக்காவில் ஓர் ஆறு. இக்கரை காண்டாமிருக நாடு, அக்கரை காட்டெருமை நாடு. நடுவிலிருந்த சேற்றுக்குட்டை யாருக்கு என்று சண்டை வந்து, இரண்டு நாடுகளும் தூதர்களை விரட்டிவிட்டன. தூதர்கள் இருவருமே உண்ணிக்கொக்குகள். உண்ணி பொறுக்கித் தின்னும் எருமைகளின் தூதுக் கொக்கு போனதிலிருந்து காண்டாமிருக ராணியின் காதுக்குப் பின்னால் உண்ணி மொய்த்தது. பாறையில் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்துபோயிற்று. சமாதானம் பேசப் போவாளா? மாட்டாள், அவ்வளவு ரோஷம்.

ஒருநாள் அந்தக் கொக்கே திரும்பி வந்து இறங்கியது. ராணியின் வால் ஓர் இடத்தில் நிற்கவில்லை; முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

"மகாராணி, எங்க முதல் நிபந்தனை..."

"சம்மதம். அங்கே என்ன நின்னுக்கிட்டு? முதுகில ஏறி உட்கார்ந்து சொல்லு."

"குட்டையில பாதி எங்களுக்கு."

"முழுசாவே எடுத்துக்கோ. கொஞ்சம் இடது பக்கம்... ஆங், அங்கேதான்."

கொக்கு கொத்துவதை நிறுத்தியது. "வேடிக்கையா இருக்கு. காலையில எங்க ராஜாவும், தானாவே பேச வந்த உங்க கொக்கை முதுகில ஏத்திக்கிட்டு, குட்டை முழுக்க உங்களுக்கேன்னு சொல்லிட்டார். இனி யாருக்குன்னு தினமும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு பண்ணணும்."

"தினமுமா?" ராணிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பேசுவோம், நிதானமா பேசுவோம். அவசரப்பட்டு முடிச்சுத் தொலைச்சுடாதே" என்று அடுத்த காதைத் திருப்பிக் காட்டினாள்.