என்ன மாதிரி கனவு?

மாலை வெயில் ஹோமியோபதி டாக்டரம்மாவின் அலமாரிக்குள் நுழைந்து, குட்டிச் சீசாக்களில் இருக்கும் வெள்ளை உருண்டைகளை மினுங்க வைக்கிறது. மூன்று மாதமாக மாதவிலக்கு தள்ளிப்போய், திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், ஐம்பதை நெருங்கும் அவள், எதிரே உட்கார்ந்து பழைய மருந்துச் சீட்டால் விசிறியபடி அந்த மினுக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேள்விக்கெல்லாம் கணவர்தான் முந்திக்கொள்கிறார். "ராத்திரி நாலு தடவை எழுந்துக்கிறா டாக்டர். தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறா. ஃபேனுக்கு அடியிலயே வேர்த்துக் கொட்டுது." டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்கிறார். "கனவு வருமா? என்ன மாதிரி கனவு?" கணவர் முதல் தடவையாக மனைவியின் பக்கம் திரும்புகிறார். விசிறிய கை நிற்கிறது. "கடல் வரும்," என்கிறாள் அவள் மெதுவாக. "ஜில்லுன்னு முழங்கால் தண்ணியில நடந்துக்கிட்டே இருப்பேன். கரையில இருந்து இவர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பார். நான் திரும்பறதே இல்ல."