எதிரணியின் இன்ஜின்

போன பந்தயத்தில் மகுடபதி அணியின் காரில் இன்ஜின் வெடித்துவிட்டது. சீசனின் நடுவில் வேறு இன்ஜின் எங்கும் கிடைக்கவில்லை. ஆறு வருடமாக எந்த அணியைத் தோற்கடிக்கப் பாடுபட்டாரோ, அந்த அணியின் முதலாளி எட்வினிடமே போய் நின்றார். எட்வின் மறுக்கவில்லை. இன்ஜினைத் திறந்து பார்க்கக் கூடாது, காவலுக்குத் தன் இன்ஜினியர் சுகிர்தா கூடவே இருப்பாள் என்று மட்டும் சொன்னார்.

வேவு பார்க்க வந்தவளுக்கு யார் நாற்காலி போடுவார்கள்? மகுடபதியின் பட்டறையில் சுகிர்தா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவள் தலை தெரிந்தாலே மெக்கானிக்குகள் கிரிக்கெட் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள், “சார், முன் டயர்ல காத்து அதிகம். அதான் வளைவுல வண்டி இழுக்குது” என்றாள். இதில் என்ன சதியோ என்று மகுடபதி ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுக் காற்றைக் குறைத்தார். வண்டி சொன்னபடி கேட்டது. அன்று மத்தியானம் அவளுக்கும் ஒரு பிரியாணிப் பொட்டலம் வந்தது.

பந்தயத்தின் கடைசிச் சுற்றில் மகுடபதியின் வண்டி முன்னால் ஓடியது. எட்வினின் வண்டி அதை ஒட்டியே வந்தது. சுகிர்தாவின் போன் அடித்தது.

“இன்ஜின் சூடாயிடுச்சு, வேகத்தைக் குறைங்கன்னு அவங்ககிட்ட சொல்லும்மா” என்றார் எட்வின்.

“சூடெல்லாம் சரியாத்தான் இருக்கு சார்.”

“அது எனக்கும் தெரியும். நீ சொல்லு. நம்ம வண்டி ஜெயிக்க வேணாமா?”

திரையில் முதலாவதாக ஓடிய வண்டியிலிருந்து சுகிர்தா கண்ணை எடுக்கவில்லை.

“அதைத்தான் சார் நானும் வேண்டிக்கிட்டிருக்கேன்” என்று போனை வைத்தாள்.